வடிவமைப்புக் கூடத்தின் கோப்புகள்



சிவகாசியிலாயினும் சென்னைத் திருவல்லிக்கேணியிலாயினும், இரண்டொரு கணினிகளை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகையும் நாட்காட்டியும் விளம்பரத் தட்டியும் வடிவமைத்துக் கொடுத்து ஜீவனம் நடத்தும் சிறு டி.டி.பி. நிலையங்கள் எத்தனையோ உண்டு. கணினி பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த கோப்புகள் போய்விட்டால் அவற்றை விலைக்கு வாங்க வழியில்லை.

ஒரே பத்திரிகைக்கு ‘பைனல்’, ‘நியூ பைனல்’, ‘பைனல் கரெக்‌ஷன்’ என்று மூன்று கோப்புகள் கிடக்க, மணமகனின் பட்டம் திருத்தப்பட்டது எதில் என்பது அதைச் செய்த ஊழியர் ஒருவருக்கே ஞாபகமிருக்க, அவர் விடுப்பில் சென்ற நாளில் திருத்தாத கோப்பு அச்சேறிவிட்டால், அட்டையும் மையும் கூலியும் முதலாளியின் தலையில்தான் விழும். 2024-11-05 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் இட்டு, பின்னர் வாடிக்கைக்காரர் பெயரையும் எத்தனையாவது புரூஃப் என்பதையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயரிட்டால், கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கித் தந்துவிடும்.

தமிழில் வேலை செய்வோருக்கு இதனினும் பெரிய சங்கடம் எழுத்துருவினால் நேருகிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் வழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமைத்தவை. ஆகையால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பழைய கோப்பைத் திறந்தால், முகூர்த்த நேரமும் மணமக்கள் பெயரும் அரைப்புள்ளிகள் விரவிய ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்னும் தமிழ் எழுத்துக் குறியீட்டு முறைகளை ஏற்று, 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. ஆயினும் அச்சுத் தொழிலில் பழைய எழுத்துருக்கள் நீடித்தன. அவற்றைக் கொண்டு பக்கம் அமைக்கப் பயன்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருளின் இறுதிப் பதிப்போ 2001-இலேயே வெளிவந்துவிட்டது. டைப் 1 என்னும் பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவையும், அதை வெளியிட்ட அடோபி நிறுவனம் தன் மென்பொருள்களில் 2023-இல் நிறுத்திக்கொண்டது.

எனவே ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கோப்புறை வகுத்து, அதில் பயன்பட்ட படங்களையும், உரிமம் இடங்கொடுக்குமாயின் எழுத்துருவையும், கூடவே ஒரு பி.டி.எஃப். நகலையும் வைத்தல் அவசியம். அச்சகத்திற்கு அனுப்பும்போது எழுத்துகளைக் ‘கர்வ்ஸ்’ ஆக்குவது சரியான வழக்கமே. ஆனால் அவ்வாறு ஆக்கியபின் அவை வெறும் சித்திரக் கோடுகளாகிவிடுவதால் ஓர் எழுத்தைக்கூடத் தட்டச்சு செய்து திருத்த இயலாது. அந்த நகலை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடும் பழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது.

நகல் வட்டைக் கணினி மேஜையின் இழுப்பறையிலேயே வைத்திருப்பதும் காப்பாகாது. சென்னையில் 2015 டிசம்பரில் வந்ததுபோன்ற வெள்ளம் இரண்டையும் ஒருங்கே மூழ்கடித்துவிடும். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது இத்துறையில் பலரும் ஒப்புக்கொண்ட முறை. அந்தப் பிரதிகளிலிருந்து பழைய வேலை ஒன்றை அவ்வப்போது எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்க்கவும் வேண்டும். திறக்காதது இன்னதென்று இப்போதே தெரிந்தால், அதற்கு வேண்டிய எழுத்துருவைப் பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துக்கொள்ளலாம்.