எந்தக் காலேஜு நமக்கு?

(திண்டுக்கல் அருகே ஒரு காலனியின் அம்பேத்கர் படிப்பகத்தில், ப்ளஸ் டூ முடித்த மாணவ மாணவியரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



ரிசல்ட் வந்ததும் நம்ம தெருவுக்கு ரெண்டு வேன் வரும். ஒண்ணு மில்லு வேன், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்குப் பொம்பளைப் பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போக. இன்னொண்ணு காலேஜு வேன். ரெண்டு ஏஜென்டும் வெள்ளைச் சட்டைதான், ரெண்டு பேரும் நம்ம அம்மாவை 'அக்கா'ன்னுதான் கூப்பிடுவான். மில்லு வேன்ல ஏறாதேன்னு சொல்ல ஆள் இருக்கு. காலேஜு வேனைப் பத்தி யாரும் பேசுறதில்லை. நான் அதுல ஏறிப் போனவன்.

2014ஆம் வருசம். எங்கய்யா தோல்ஷாப்புல சுண்ணாம்புக் குழியில நின்னவர். அம்மா வெங்காயப்பேட்டையில தரம் பிரிச்சவங்க. 'எஸ்.சி. பையனுக்குப் பைசா செலவில்லை, கவர்மெண்டே கட்டிரும்' என்றான் ஏஜென்ட். முழுப் பொய்யும் இல்லை. சுயநிதிக் கல்லூரியில் படிக்கிற ஆதிதிராவிட, பழங்குடி, மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் தமிழக அரசு ஆணை போட்டிருந்தது. அந்த ஆணையை நம்மைவிடக் காலேஜு முதலாளிகள்தான் நல்லாப் படிச்சிருந்தாங்க. காலியாக் கிடந்த சீட்டுக்கெல்லாம் நம்ம பிள்ளைகளைப் பிடிச்சு நிரப்பினாங்க. எனக்குத் தந்தது மேனேஜ்மெண்ட் கோட்டா. அப்படின்னா என்னன்னு எனக்கும் தெரியாது, எங்கய்யாவுக்கும் தெரியாது.

பணம் வரத் தாமதமாச்சு. ரெண்டாம் வருசம் பாக்கி வச்சவங்க பேரை வகுப்புல வாசிச்சாங்க. வாசிச்ச பேர் பூராவும் நம்ம பேரு. சாதியைத் தனியாச் சொல்லவே வேண்டியதில்லை, அந்தப் பட்டியலே சொல்லிருச்சு. ஹால் டிக்கெட் தரலை. வெளியே வந்துட்டேன். மார்க் ஷீட்டும் டி.சி.யும் உள்ளே மாட்டிக்கிச்சு. அம்மா குழுக்கடன் வாங்கி மீட்டாங்க. (அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாதென்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. எனக்கு உதவலை, உங்களுக்கு உதவும்.) 2017இல் அந்த ஆணையைத் திருத்தி, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் உதவித்தொகை கிடையாது என்று ஆக்கினார்கள். ஏமாத்தினவன் முதலாளி, அடி நமக்கு.

அதனால, 'எந்தக் காலேஜு நல்ல காலேஜு'ன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியாது. கட்டடத்தையும் ஏ.சி. லேபையும் பார்த்துப் பதில் சொல்றவன் நம்ம வீட்டுக் கணக்குத் தெரியாதவன். எந்தக் காலேஜு உன்னைக் கடைசிப் பரீட்சை வரைக்கும் உட்கார வைக்கும்? அதைக் கேளு. உதவித்தொகை வர்ற வரைக்கும் என்ன செய்வீங்கன்னு ஆபீஸ்ல நேராக் கேளு. மழுப்பினா எந்திரிச்சு வந்துரு.

அம்பேத்கர் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது வகுப்பைக் காலையிலேயே வச்சார். ஏன்? படிச்சிட்டு மீதிப் பொழுதுல வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகள் வருவாங்கன்னு அவருக்குத் தெரியும். பிள்ளையோட பொழப்புக்கு ஏத்தபடி காலேஜோட மணியைத் திருப்பினவர் அவர். நம்மளை மட்டும் ஏன் காலேஜுக்கு ஏத்தபடி வளையச் சொல்றாங்க?

இங்க நமக்கு என்ன இருக்கு? பெண்பிள்ளைகளுக்கு டவுனிலேயே எம்.வி. முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டம் 2022இல் தொடங்கியது. மில்லு ஏஜென்ட் காட்டுற ரூபாய்க்கு எதிரா வீட்டுல எடுத்துப் போட்டுப் பேச இது ஒரு கணக்கு. சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமம், 1956இல் கிராமிய நிறுவனமாக ஆரம்பிச்சு 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. தனியார் முதலாளியோடது இல்லை, மத்திய அரசு நிதியில் நடப்பது. ஜி.டி.என். மாதிரி உதவி பெறும் கல்லூரிகளில் மட்டும் கவனம் வேணும். ஒரே கேட்டு, ஒரே போர்டு, உள்ளே ரெண்டு காலேஜு. அரசு உதவி பெறும் பிரிவில் ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவில் வேற கட்டணம். விண்ணப்பத்துல எந்தப் பிரிவுன்னு எழுதியிருக்கோ அதைப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடு. நான் திரும்பி வந்து பி.ஏ. வரலாறு முடிச்சது அப்படி ஒரு உதவி பெறும் பிரிவுலதான்.

ஒரு தம்பி கேட்டான், "அப்ப இன்ஜினியரிங் நமக்கு வேண்டாங்கிறீங்களாண்ணே?" வேணும்டா. எதுக்கு விடணும்? வேன்ல போகாத, கலந்தாய்வுல போ. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீதம் 2021இல் பொறியியலுக்கும் வந்தது. அதுல இடம் கிடைச்சவங்க கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும்னு சொல்லியிருக்கு. 18 சதவீதம் இருக்கு. அதுக்குள்ள 2009இல் வந்த அருந்ததியர் 3 சதவீதம் இருக்கு. சான்றிதழ்ல உட்சாதிப் பேரு தப்பா இருந்தா அந்த இடம் கை நழுவிரும். நம்ம தெருவுல ரெண்டு பேருக்கு அப்படி இருக்கு. யாருன்னு அவங்களுக்கே தெரியும்.

விடுதியில தங்கப்போறவங்க, சேர்றதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி அங்க போய்ப் பாருங்க. தண்ணி வருதா, லைட் எரியுதா, சாப்பாடு எப்படின்னு வார்டன்கிட்டக் கேக்காதீங்க. மூணாம் வருசப் பையன்கிட்டக் கேளுங்க.

சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பாஸ்புக் எல்லாத்துலயும் பேரு ஒரே எழுத்துல இருக்கான்னு இன்னைக்கு ராத்திரியே எடுத்துப் பாருங்க. தப்பிருக்கிறவங்க திங்கட்கிழமை காலையில பஸ் ஸ்டாப்புக்கு வந்துருங்க. தாலுகா ஆபீசுக்கு நானும் கூட வர்றேன்.