சித்தம் சிதறாமை



மண்ணில் பிறந்த மாந்தர் அனைவர்க்கும் குறிக்கோள் ஒன்றுண்டு. ஒருவர் கல்வியை நாடுவர். ஒருவர் கலையை நாடுவர். பிறிதொருவர் கடனின்றி வாழ விழைவர். குறிக்கோள் இன்மையால் தாழ்ந்தோர் சிலரே. அஃது இருந்தும் சித்தம் சிதறித் தாழ்ந்தோர் பலர். ஏரி நிறைய நீர் இருப்பினும், வாய்க்காலின் கரை பத்திடங்களில் உடைந்திருந்தால் கடைமடை வயல் காயுமன்றோ?

இக்காலத்தில் அக்கரையை உடைப்பது யாது? கையில் அடங்கும் கைப்பேசியே. அதனை முற்றும் பழித்தல் முறையன்று. கடல் கடந்த மகனின் குரலைத் தாயின் செவியில் சேர்ப்பதும், நள்ளிரவில் மருத்துவரை அழைக்க உதவுவதும் அதுவே. ஆயின், அதில் குடிகொண்ட செயலிகள் பல, விளம்பரத்தால் பொருளீட்டுபவை. பார்ப்போரின் கவனமே அவற்றின் சரக்கு. செய்தி பெருகப் பெருக, அதனைப் பெறுவோரின் கவனம் வறுமையுறும் என்று அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார்.

இப்பிணிப்பின் இயல்பை ஒரு புறா உணர்த்தும். ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் உளவியலார் இருவர் 1957-இல் தம் ஆய்வுகளை வெளியிட்டனர். எத்தனை முறை கொத்தினால் தானியம் கிடைக்கும் என்று அறியவொண்ணாத நிலையில் வைக்கப்பட்ட புறா, ஓயாமல் கொத்திக்கொண்டேயிருந்தது. புதுச்செய்தி வந்ததோ வாராததோ என்று கைப்பேசியை நொடிதோறும் எடுத்து நோக்குவோரின் நிலையும் அதனை ஒத்ததே. மேலும், நூலுக்குக் கடைசி ஏடு உண்டு. கைப்பேசித் திரைக்கோ முடிவில்லை. முடிவின்றி உருளும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் என்பவரே, பின்னாளில் அதன் விளைவு கண்டு வருந்தினார்.

ஆதலின், தம் மனவுறுதி குன்றியதென்று ஒருவர் தம்மை நொந்துகொள்வதால் பயனில்லை. உறுதியை மட்டும் நம்பாது, வாழ்வின் ஒழுங்கை மாற்றுதலே தக்க வழி. அதற்கு மூன்று நெறிகள் துணைபுரியும்.

முதலாவது, குறிக்கோளைச் செயலாக வகுத்தல். “நன்கு படிக்க வேண்டும்” என்பது விருப்பம். “மாலை ஆறு மணிக்கு, கூடத்து மேசையில், கணக்குப் பாடத்தைத் தொடங்குவேன்” என்பது திட்டம். பொழுதும் இடமும் குறித்த இத்தகைய தீர்மானம் செயலை நிறைவேற்றப் பெரிதும் உதவும் என்பதை, உளவியலறிஞர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் ஆய்வுகள் வாயிலாக விளக்கினார்.

இரண்டாவது, தொலைவு. அவ்வேளையில் கைப்பேசி மேசைமேல் இருத்தலாகாது. ஒலியடக்கி வேறோர் அறையில் வைத்தல் வேண்டும். எழுந்து சென்று எடுக்க வேண்டுமெனில், எழுமுன் ஒருகணம் சிந்திக்க இடமுண்டு.

மூன்றாவது, பொறுமை. முதல் நாளிலேயே மூன்று மணி நேரம் அமர முயல்வோர் மூன்றாம் நாள் சோர்வர். அரை மணியில் தொடங்குக. மனம் விலகினால் சினவாது மீட்டுக் கொணர்க.

நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீணாயின், ஓராண்டில் 730 மணி நேரம் கழியும். அஃதாவது, இரவும் பகலும் சேர்ந்த முப்பது நாட்கள்! ஆண்டுதோறும் ஒரு திங்களை இழப்பதும் மீட்பதும் அவரவர் கையிலேயே உள்ளன. இன்று மாலையே ஒரு பொழுதைக் குறித்து, ஒரு செயலைத் தொடங்குவோர், எண்ணியதை எய்தி இன்புறுவாராக!