கடைசியாக என்ன மாற்றினீர்கள்?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பௌதிகம் படித்து என்ன சாதித்தாய் என்று பேசு" என்றார்கள் விழாக் குழுவினர். சாதித்ததைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதனால் சறுக்கியதைச் சொல்கிறேன்.

1994-இல் மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டில் ஒரு பழைய பிரீமியர் பத்மினி இருந்தது. பம்பாய் குர்லாவில் செய்த வண்டி, 1089 சி.சி. அப்பாவுக்கு மூச்சிரைப்பு. மாதம் ஒருமுறை குமுளி வழியாகக் கோட்டயம் டாக்டரிடம் போவோம். சின்னமனூரில் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக் கிளம்பினால் கம்பம், கூடலூர் வரை வண்டி ஜோராக ஓடும். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினதும் இருமி இருமி நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் கிளம்பும். மறுநாள் ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இராது.

"வேப்பர் லாக்" என்று முடிவு கட்டினேன். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்பை அடைக்கிறது என்று விளக்கமும் கொடுத்தேன். ஊர் மெக்கானிக் அண்ணன் டயாபிரத்தை மாற்றினார், ஹோஸை மாற்றினார், கண்டென்சரையும் மாற்றினார். பிறகு கேட்டார்: "தம்பி, இந்தக் கோளாறு வர்றதுக்கு முன்னாடி கடைசியா என்ன மாத்துனீக?"

"ஒண்ணும் மாத்தலைண்ணே" என்றேன்.

அடுத்த மாதமும் அதே இடத்தில் நின்றது. மூச்சு வாங்கிய அப்பாவை, வந்த ஜீப்பில் ஏற்றி அனுப்பினோம். திரும்பி வந்து, பட்டறையில் நாலு பேர் முன்னால், "படிக்காத ஆள்கிட்ட வண்டியக் குடுத்தது என் தப்பு" என்று கத்தினேன். அவர் பதில் பேசவில்லை. "அடுத்த தடவை நானும் வாரேன். நிக்கும்போதுதான் பாக்கணும்" என்றார்.

வந்தார். மலையில் நின்றது. ஈரத்துணி போட விடவில்லை. பிளக் வயரைக் கழற்றிப் பார்த்தார்; தீப்பொறி இருந்தது. பிறகு காயில் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைப் பாட்டிலுக்குள் விட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். ஒரு சொட்டு வரவில்லை.

"டேங்க் மூடிச் சாவியக் குடுங்க."

திறந்தார். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. மறுபடி சுற்றினேன், பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. எஞ்சின் சூடு அப்படியேதான் இருந்தது. மாறியது மூடி மட்டும்.

பெட்ரோல் திருட்டுக்குப் பயந்து நான் வாங்கிப் போட்ட பூட்டு மூடி அது! அதில் காற்றுத் துளை இல்லை. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே அழுத்தம் குறையும். டேங்க் நிறைந்திருந்தால் காற்றுக்கு இடம் கொஞ்சம். அதனால் இன்னும் வேகமாகக் குறையும். சமவெளியில் மூடியோரக் கசிவே போதுமாயிருந்தது. ஏற்றத்தில் எஞ்சின் அதிகம் குடித்ததும் பம்பால் இழுக்க முடியவில்லை. குணப்படுத்தியது ஈரத்துணி அல்ல. அந்த அரை மணி நேரத்தில் கசிந்து உள்ளே போன காற்று.

பாயில் விதியைப் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியவன் நான். என் டேங்கில் அது நடந்தபோது தெரியவில்லை.

அங்கேயே அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கட்டும், அப்பாவ ஏத்துங்க" என்றார். திட்டியது நாலு பேர் முன்னால். மன்னிப்பு மலையில், தனியாக. அது சரியில்லை என்று பட்டதால் மறுநாள் பட்டறைக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸியும் 2023-இல் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போதைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே மின்சாரத்தில் ஓடுகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் ரப்பர் ஹோஸ், டயாபிரம் போட்டுக்கொள்ளுங்கள். எந்த வண்டியானாலும், விட்டுவிட்டு வரும் கோளாறை வரும்போதே பாருங்கள். கடைசியாக எதை மாற்றினோம் என்று முதலில் உங்களையே கேளுங்கள்.