மாற்றுத்திறன் இளைஞரும் பயிற்சியாளர் பணியும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பாரிஸ் பாராலிம்பிக் அரங்கில், ஒரே போட்டியில் ஆசிரியரும் அவருடைய மாணவரும் கலந்துகொண்டனர். மாணவர் தங்கப்பதக்கம் வென்றார். ஆசிரியர் பட்டியலின் கடைசி இடத்தில் நின்றார். மாணவர் தரம்பீர், ஆசிரியர் அமித் குமார் சரோஹா. இருவரும் ஹரியானா மாநிலத்துச் சோனிபட் வட்டாரத்தவர். இருவரும் தண்டுவடத்தில் அடிபட்டுக் கால்களின் இயக்கத்தை முழுவதும், கைகளின் இயக்கத்தைப் பெரும்பகுதியும் இழந்தவர்கள்.

அவர்கள் போட்டியிட்டது கிளப் எறிதல் என்னும் விளையாட்டு. நம் பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் இருந்த கர்லாக்கட்டையைச் சிறிதாக்கினால் எப்படியிருக்கும், அப்படியொரு மரக்கட்டை. எடை 397 கிராமுக்குக் குறையக் கூடாது. விரல்களால் இறுகப் பற்ற இயலாதவர்கள் அதனை எறிய வேண்டும் என்பதே இதன் கடினம். எறிபவர் தரையோடு பிணைக்கப்பட்ட உயர்ந்த இருக்கையில் வார்களால் கட்டப்பட்டிருப்பார். தமக்குரிய ஆறு எறிகளையும் அவர் ஒரே தொடர்ச்சியாக எறிந்துவிட வேண்டும். வாரை அவிழ்ப்பதும் மீண்டும் கட்டுவதும் அவ்வளவு நேரம் கொள்ளும். அன்றிரவு தரம்பீரின் முதல் நான்கு எறிகளும் தவறெனத் தள்ளப்பட்டன. ஐந்தாவது எறி 34.92 மீட்டர் சென்று விழுந்தது. 34.59 மீட்டர் எறிந்த மற்றோர் இந்தியர் பிரணவ் சூர்மா வெள்ளி பெற்றார். சரோஹாவின் சிறந்த எறி 23.96 மீட்டர். தரம்பீர் தம் பதக்கத்தைத் தம் குருவுக்கே உரித்தாக்கினார்.

இளமையில் வளைகோற்பந்து ஆடியவர் சரோஹா. 22 வயதில் கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்தது. பின்னர் எறிவிளையாட்டுகளுக்கு வந்து, 2013-இல் அர்ஜுனா விருதும், 2014-இல் இஞ்சியோன் ஆசியப் பாரா விளையாட்டில் தங்கமும் பெற்றார். 2016-இல் ரியோவில் நான்காமிடம். பதக்கம் நூலிழையில் தவறியது. கால்வாயின் ஆழம் அறியாது குதித்துத் தண்டுவடம் முறிந்த தரம்பீர் என்னும் இளைஞரை அவர் 2014-இல் இவ்விளையாட்டுக்குக் கொண்டுவந்தார். தாமே இன்னும் பதக்கத்தை நாடிக்கொண்டிருந்த நாளில், தம் பிரிவிலேயே தமக்குப் போட்டியாளராக வரக்கூடிய ஒருவருக்குத் தம் வித்தையைக் கற்பித்தார். 2023-இல் ஹாங்சோவில் பிரணவ் தங்கமும், தரம்பீர் வெள்ளியும், சரோஹா வெண்கலமும் பெற்றபோதே மாணவர் ஆசிரியரைக் கடந்துவிட்டார். பாரிஸ் அவருக்கு நான்காவது பாராலிம்பிக். அப்போட்டியில் அவர் கடைசியாக வந்தார் என்று மட்டும் எழுதிச் செல்வோர் பாதிக் கணக்கையே எழுதுகின்றனர்.

நல்ல உடற்கட்டுடைய பயிற்சியாளர் ஒருவர் இதனைக் கற்பித்திருக்க முடியாதா? முடியும், பலர் சிறப்பாகக் கற்பித்தும் வருகின்றனர். ஆயினும் சில அறிவுகள் உடம்பின் வழியே மட்டும் வருபவை. தண்டுவடத்தின் மேற்பகுதியில் அடிபட்டவர்க்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரிவரச் சுரப்பதில்லை. வெயிலில் அவர் உடல் வெம்மையை வெளியேற்றாது. களைப்பு என்று பிறர் கருதும் நிலை உண்மையில் உயிருக்கு ஊறாக முடியும். நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்தால் உணர்ச்சியற்ற இடத்தில் தோல் புண்ணாகும். அவர்க்கு வலி தெரியாது. சிறுநீர்ப்பை நிறைந்ததை உணராமலிருந்தால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். இவற்றை நூலிற் படித்த பயிற்சியாளர் கேட்டால்தான் மாணவர் சொல்வார். தாமே அப்படி வாழும் பயிற்சியாளர் கேட்பதற்கு முன்பே நிழலுக்கு அழைத்துச் செல்வார். மேலும், சில செய்திகளைச் சொல்ல ஓர் இளம்பெண் கூசுவாள்; சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் மற்றொரு பெண்ணிடம் அந்தக் கூச்சம் பெரும்பாலும் இராது.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தையும் எண்ணிப் பார்க்கலாம். வளையத்தின் உயரம் அதே 3.05 மீட்டர், குறைக்கப்படுவதில்லை. பந்தை மடியில் வைத்துச் சக்கரத்தை இருமுறை தள்ளலாம். அதன்பின் பந்தைத் தட்டியாக வேண்டும். திரும்பும் வேகத்தில் எந்தச் சக்கரம் எழும்பும், இடுப்பு வாரை எவ்வளவு இறுக்கினால் தோள் விடுதலையாக வீசும் என்பவை நாற்காலியில் பலமுறை குப்புற விழுந்தவர்க்கே நன்கு விளங்கும்.

நம் மாநிலத்திலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கியவர். 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பின்னர் இந்திய விளையாட்டு ஆணையம் அவருக்குப் பயிற்சியாளர் பணி வழங்கியது. டோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் அதற்குப் பின் வந்தவை. ஆனால் அவர் அளவு புகழ் எய்தியவர்க்குத்தான் அந்த வாயில் திறக்கும் என்றால், மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் ஓடியும் எறிந்தும் நின்றுவிட்ட நூற்றுக்கணக்கானோர் என்ன செய்வர்? அவர்கள் பெரும்பாலும் வீடு திரும்புகின்றனர். முப்பது வயதில் விளையாட்டு முடிந்துவிடுகிறது. கற்ற வித்தை அவர்களோடு அடங்கிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உடற்குறை ஒருவரைத் தானாகவே ஆசிரியராக்கிவிடாது, பதக்கமும் ஆக்கிவிடாது. பயிற்றுவித்தல் தனியே கற்க வேண்டிய கலை. பார்வையற்ற பயிற்சியாளர், ஓடுபவரின் காலடி ஓசையில் இடறலைக் கேட்டறிவார். ஜூடோவில் மாணவரின் பிடியைத் தம் கையால் தொட்டே திருத்துவார். எனினும் ஈட்டி பறக்கும் கோணத்தைச் சொல்ல அவர்க்குப் பார்வையுள்ள துணைவர் ஒருவர் தேவை. இதை மறைத்துப் பேசுவது அவர்க்குச் செய்யும் நன்மையாகாது. துணைவரை அமர்த்திக் கொடுப்பதே நன்மை.

1961-இல் பாட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் ஓராண்டுப் பட்டயப் படிப்பையும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பையும் நடத்துகிறது. பட்டயப் படிப்புக்குக் கல்லூரிப் பட்டம் கேட்கப்படுவது வழக்கம். இதை அறியாமல், களப்பயிற்சிக்காகக் கல்லூரியை இடையில் விட்ட மாற்றுத்திறன் இளைஞர் பின்னாளில் வருந்துகிறார். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் களத்துக்கு அனுப்பும் பெற்றோர், அஞ்சல் வழியிலேனும் ஒரு பட்டத்தைத் தொடரச் செய்தல் வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீடும் தந்தது. விளையாட்டில் பங்கேற்கும் உரிமையையும் அது பேசுகிறது. சான்றிதழ் கையிலிருப்பவர்க்கே இவை பயன்படும்.

அறக்கட்டளைகள் விழா நாட்களில் மூன்று சக்கர வண்டியும் தையல் இயந்திரமும் வழங்குகின்றன. அவை தேவையானவையே, நிறுத்தச் சொல்வாரில்லை. ஆனால் அவற்றைப் பெறுபவரிடம், அவர் என்ன விளையாடினார், பிறர்க்குக் கற்பிக்க விருப்பமுண்டா என்று கேட்பவர் அரிது. பயிற்சியாளராக விரும்பும் இளைஞருக்குப் படிப்புக் கட்டணம் பெருஞ்சுமையன்று. உடன் செல்லும் துணைவரின் பயணச் செலவும், அந்நாட்களில் அத்துணைவர் இழக்கும் கூலியுமே சுமை. அண்ணனோ தாயோ வேலையை விட்டுவிட்டு ஆறு வாரம் வட இந்தியாவில் தங்க இயலாமையாலேயே பல விண்ணப்பங்கள் எழுதப்படாமல் போகின்றன. அச்செலவை ஏற்பவர் வண்டி வழங்குபவரைவிடக் குறைவாகவே செலவிடக்கூடும். நிழற்படம் எடுக்க மட்டும் அதில் இடமிராது.

திரும்பி வந்தவர்க்கு முதல் ஓராண்டு ஊர்ப் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியரின் துணையாக இருக்க இடம் வேண்டும். விளையாட்டு வகுப்பில் மற்றவர்களின் செருப்பையும் பையையும் காத்துக்கொண்டு மரத்தடியில் அமர்த்தப்படும் பிள்ளை ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. அவரது வேலை அந்த மரத்தடியில் தொடங்கும். மதிப்பூதியம் சிறிதாயினும் மாதந்தோறும் கொடுக்கப்படுதல் வேண்டும். சேவை என்ற பெயரால் கூலியின்றி வேலை வாங்குதல் கூடாது.

பெற்றோர்க்கு ஒன்று. விண்ணப்பம் அனுப்புமுன், தங்கப்போகும் விடுதிக்கு ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ செய்து குளியலறைக் கதவின் அகலத்தைக் கேட்டறிக. சக்கர நாற்காலி தடையின்றி நுழைய 90 சென்டிமீட்டர் வேண்டும். கதவு அதனினும் குறுகியதாயின், சேருவதற்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, தரைத்தளத்தில் வேறு அறை கேட்டுப் பெறுதல் வேண்டும். சேர்ந்த பின் கேட்டால் ஆறு வாரப் படிப்பு முடிந்த பிறகே பதில் வரும்.