பெரிய படங்களும் பார்வையாளரும்

சித்திரை பிறந்து தேர்வுகளும் முடிந்துவிட்டால் நம் ஊர்ச் சுவர்கள் புதுக்கோலம் பூண்டுவிடுகின்றன. கடலூரானாலும் சிதம்பரமானாலும், வாளேந்திய வீரர்களும் வானளாவிய கோட்டைகளும் சுவரொட்டிகளிலிருந்து நம்மை நோக்குகிறார்கள். இத்தனை கோடி ரூபாய்ச் செலவு, இத்தனை மொழிகளில் வெளியீடு, முதற் பாகம், இரண்டாம் பாகம் என்னும் முழக்கங்கள் காதைத் துளைக்கின்றன. கோடைக்கென்றே வரும் இந்தப் பெரும்படங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். இதற்கு எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்று. நான் படம் எடுத்தறியேன், நடித்தறியேன். பல ஆண்டுகளாக நுழைவுச் சீட்டு வாங்கிப் படம் பார்த்து வருகிறேன், அவ்வளவுதான்.

சீட்டு வாங்கியவனுக்கு அபிப்பிராயம் கூறும் உரிமை உண்டா என்று கேட்கலாம். அதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. 1935ஆம் ஆண்டில் 'பக்த நந்தனார்' என்ற படம் வெளிவந்தது. தில்லையைக் காணத் துடித்த நந்தனாரின் கதை அது. ஆதலால் சிதம்பரத்தாருக்கு நெருங்கிய கதை. நந்தனாராக நடித்த கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்பதே அந்நாளில் ஊரெங்கும் பேச்சு. 'ஆனந்த விகடன்' பத்திரிகையில் கல்கி அப்படத்தைப் பற்றி எழுதினார். பனைமரமும் எருமையும் ஆடும் நன்றாக நடித்திருந்தன என்று அவர் செய்த கேலி இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஒரு லட்சத்தைக் கண்டு அவர் மயங்கவில்லை. திரையில் தம் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். அதே கல்கியின் நாவல் 87 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெரும்படமாகி வந்தபோது, அவர் காட்டிய வழியிலேயே அதையும் பார்ப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

பெரும்படம் நமக்குப் புதிதன்று. எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், இதே கோடையில்தான் வெளிவந்தது. அதற்கு 30 லட்சம் ரூபாய் செலவாயிற்று என்பார்கள். அதிலுள்ள முரசு நடனத்தை இன்றைய மாணவர்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாபெரும் முரசுகளின்மேல் நடனப் பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிப்பட்டுப் போர் தொடுக்கிறார்கள். சற்றுச் சிந்தியுங்கள். அம்முரசுகள் ஏன் அவ்வளவு பெரியன? உள்ளே ஆள் ஒளிந்திருக்க வேண்டும் என்பதற்காக! கண்ணைக் கவரும் பெருமைக்குக் கதையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பெரும்படத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. திரையில் ஏதேனும் பிரம்மாண்டமாகத் தோன்றும்போதெல்லாம், 'இந்த முரசுக்குள் ஆள் இருக்கிறானா?' என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

இந்த அளவுகோலுக்கும் அப்பால் ஒன்று உண்டு என்பதை 'தசாவதாரம்' உணர்த்திற்று. கே.எஸ். ரவிகுமார் இயக்கத்தில் கமல்ஹாசன் பத்து வேடங்கள் புனைந்த அப்படம் 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தது. அது தொடங்குவது பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிதம்பரத்தில். முடிவது 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில். தொடக்கமும் முடிவும் நம் மாவட்டத்து மக்களுக்கு வெறுங் கற்பனைகள் அல்ல. தில்லைக் கோவிந்தராசர் திருவுருவம் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் அகற்றப்பட்டதும், 1539இல் விசயநகர மன்னர் அச்சுதராயர் அதனை மீண்டும் எழுந்தருளச் செய்ததும் வரலாற்று நூல்களில் உள்ளன. ஆழிப்பேரலையோ நூலில் படித்துத் தெரிந்துகொண்டதன்று. தேவனாம்பட்டினம் முதல் கிள்ளைப் பகுதி வரை கடலோரக் குப்பங்களில் அது புகுந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அந்த அலை, மூன்றரை ஆண்டுகள் கழித்துத் திரையில் எழுந்தது. கதைப்படி அதற்குக் காரணமும் இருந்தது. நாட்டை அழிக்கக்கூடிய நோய்க்கிருமியைக் கடலின் உப்பு நீர் வந்து அழித்துவிடுகிறது. முரசுக்குள் ஆள் இருக்கத்தான் செய்தான். ஆயினும் அலையில் உறவினரைப் பறிகொடுத்த ஒருவர் அக்காட்சியைப் பார்த்தால் என்ன நினைப்பார்? தம் வீட்டு இழப்பு, கதையின் முடிச்சை அவிழ்க்கும் கருவியாகிவிட்டதே என்றுதானே நினைப்பார்? கணிப்பொறியால் அலையை எவ்வளவு உயரமாகவும் வரையலாம். ஆனால் உயரம் கூடக்கூடத் துயரம் கூடுவதில்லை. அப்படத்தில் குழந்தைகளைக் காப்பாற்றப் போய் உயிர் துறக்கிறான் பூவராகன். அவன் உடலைத் தன் மகனுடையதென்று எண்ணி ஒரு மூதாட்டி மடியிலிட்டு அழுகிறாள். அத்தனை பெரிய அலையால் முடியாததை அந்த அழுகை செய்துவிடுகிறது. பேரிடரைக் காட்டப் புகும் பெரும்படங்கள், அமெரிக்காவில் எடுத்தவையாயினும் நம் நாட்டில் எடுத்தவையாயினும், கற்க வேண்டிய பாடம் இதுவே.

இனிப் 'பொன்னியின் செல்வ'னுக்கு வருவோம். கல்கி 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக எழுதிய இந்நாவல் தொடங்கும் இடம் எது? நம் வீரநாராயண ஏரிக்கரை! முதலாம் பராந்தகன் காலத்தில் அமைந்து, இன்று வீராணம் என வழங்கும் ஏரி அது. நம் வயல்களுக்குப் பாய்வதோடு 2004 முதல் சென்னையின் தாகத்தையும் தீர்த்து வருகிறது. ஆடிப்பெருக்கு நாளில் அக்கரைமேல் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். மக்கள் குடும்பத்தோடு வண்டிகட்டி வந்து, சித்திரான்னம் உண்டு களிக்கிறார்கள். பெரிய கதையை எளிய மக்களின் விருந்தோடு தொடங்கினார் கல்கி.

எம்.ஜி.ஆர். 1958ஆம் ஆண்டிலேயே இக்கதையைப் படமாக்க முயன்றார்; அது கைகூடவில்லை. பின்னர் மணிரத்னம் இயக்கத்தில் முதற் பாகம் 2022 செப்டம்பர் 30ஆம் நாளும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28ஆம் நாளும் வெளிவந்தன. தாய்லாந்து, ஐதராபாத், ஓர்ச்சா எனப் பல இடங்களில் படமெடுத்தார்கள். நம் ஏரிக்கரையை எங்கோ எடுத்தார்களே என்று நான் குறைகூற மாட்டேன். கலைக்கு எந்த நீரும் வீராணம்தான். ஒளிப்பதிவுக்கும் பின்னணி இசைக்கும் முதற் பாகம் பெற்ற தேசிய விருதுகள் தகுதியானவையே. ஆனால் இரண்டு பாகங்களிலும் என் மனத்தில் தங்கிய காட்சி எது? கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் எதிரெதிரே நிற்கும் காட்சி. ஓர் அறை, இரண்டு முகங்கள், படையுமில்லை, யானையுமில்லை. அதற்குப் பின் வரும் இறுதிப் போரோ, பெரும்படம் போரில்தான் முடிய வேண்டும் என்ற வழக்கத்துக்காக வந்ததுபோல் எனக்குத் தோன்றிற்று. அந்த முரசு ஓசையிட்டது. உள்ளே ஆள் இல்லை.

கதையைப் பாகம் பாகமாகப் பிரிப்பது தவறா? தவறென்று சொன்னால் கல்கியையே குறை சொன்னதாகும். மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் 'அடுத்து என்ன?' என்று காத்திருக்க வைத்தவர் அவர். ஆனால் ஒவ்வொரு வாரத்து அத்தியாயத்திலும் அந்த வாரத்துக்கான சுவை நிறைந்திருந்தது. 'பாகுபலி'யின் முதற் பாகம் 2015இல் ஒரு கேள்வியோடு முடிந்தது. 2017 கோடையில் இரண்டாம் பாகம் வரும்வரை நாடே அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. வியாபாரத் திறமைதான்! ஆனாலும் விருந்துக்கு அழைத்துப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டு, மீதியை அடுத்த ஆண்டு பரிமாறுகிறோம் என்பது நல்ல உபசாரம் ஆகுமா? ஒவ்வொரு பாகமும் தனித்து நின்று நம் பசியை ஓரளவேனும் ஆற்ற வேண்டும் என்று கேட்பது பார்வையாளரின் நியாயமான உரிமை.

இன்னொரு செய்தியும் உண்டு. பெருமுதல் போட்டவர்கள் அதை முதற்சில நாட்களிலேயே திரும்பப் பெற விரும்புகிறார்கள். அதனால் ஒரே படம் பல திரைகளைப் பிடித்துக்கொள்கிறது. சென்னை போன்ற நகரில் சிறிய படத்துக்கும் ஏதேனும் ஒரு மூலை கிடைக்கும். திரையரங்குகள் குறைந்த நம் ஊர்களில் அது வந்த சுவடே தெரியாமல் போய்விடக்கூடும். 'பாகுபலி' வெளிவருவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, 2015 ஜூன் 5ஆம் நாள் மணிகண்டனின் 'காக்கா முட்டை' வெளிவந்தது. குடிசைப் பகுதிச் சிறுவர் இருவர் பீட்சா தின்ன ஆசைப்படுவதுதான் கதை. கோட்டையில்லை, போரில்லை, ஆனால் ஒரு சமுதாயமே அதில் தெரிந்தது. எந்தப் படம் நம் ஊரில் நிற்க வேண்டும் என்பதை நாம் வாங்கும் சீட்டும் தீர்மானிக்கிறது என்பதை மறவாதீர்கள்.

மாணவ நேயர்களே! பெரும்படங்களைப் பாருங்கள், மகிழுங்கள். ஆனால் திரையில் கண்டதோடு நின்றுவிடாதீர்கள். காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களையும் அவர்தம் உறவினரையும் பற்றிய கல்வெட்டு அங்கே உள்ளது. முதலாம் இராசராசன் காலத்தது எனக் கருதப்படும் அக்கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்களும், அவர்கள் தரப்பாரின் உடைமைகள் பறிமுதலான செய்தியும் காணப்படுகின்றன. நந்தினி அதில் இல்லை. அவள் கல்கியின் படைப்பு. வரலாறு தந்தது எது, நாவலாசிரியர் படைத்தது எது, திரை சேர்த்தது எது என்று பிரித்தறியும் இன்பம் படம் பார்க்கும் இன்பத்துக்குச் சிறிதும் குறைந்ததன்று. சிதம்பரத்திலிருந்து உடையார்குடி நெடுந்தொலைவில் இல்லை. பேருந்துக் கட்டணமும் சினிமாச் சீட்டைவிட அதிகமில்லை. ஒரு விடுமுறை நாளில் சென்று பார்த்து வாருங்கள்.