கூட்டாளிமார் வீட்டுக்கு வரலாமா?

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் தமிழ்ப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நித்திரை வர முதல் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், மண்டேலாவின்ர பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்தில கூட்டாளிமார் இருந்தவையோ?" ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். தகப்பன் ஊரில் அரசியலில் நின்றவர். பயம் இன்னும் போகவில்லை. வகுப்புப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிவராதே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். (ஆர் பிள்ளை என்று தேடாதேங்கோ. அப்படி வீடுகள் எங்களுக்குள்ளே கனக்க இருக்கு.)

மண்டேலாவுக்கும் வின்னிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், செனானி, சின்ட்சி. சின்ட்சி 2015 முதல் சில வருடங்கள் நாங்கள் வாழும் இதே டென்மார்க்கில் தென்னாபிரிக்கத் தூதுவராக இருந்தவர். 2020 இல் காலமானார்.

1962 இல் தகப்பனைப் பிடித்தபோது அவருக்கு ஒன்றரை வயது. சிறைவிதிப்படி பதினாறு வயதாகாத பிள்ளைகள் ரொபன் தீவுக்குப் போய்த் தகப்பனைப் பார்க்க முடியாது. 1975 இல் பிறந்த திகதியை மாற்றி, வயதைக் கூட்டிக் காட்டித்தான் தாய் மகளை அனுப்பினார். சிரிக்கிறீர்கள். பிறந்த திகதி மாற்றின கதை எங்கட ஆக்களுக்குப் புதிசில்லைத்தானே!

பள்ளிக்கூடமும் இலேசாகக் கிடைக்கவில்லை. சேர்த்த ஒரு பள்ளிக்கூடம், ஆருடைய பிள்ளைகள் என்று தெரிந்ததும் வெளியே விட்டது. தாய்க்குப் போட்ட தடையுத்தரவின்படி அவர் பாடசாலை வளவுக்குள் கால் வைக்கவே கூடாது. பிள்ளையின் ஆசிரியரோடு ஒரு வார்த்தை கதைக்க முடியாது. கடைசியில் இரண்டு பேரையும் பக்கத்து நாடான சுவாசிலாந்தில் விடுதியில் விட்டார்கள். பிறகு அங்கே வாட்டர்போர்ட் என்ற பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். 1963 இல் தொடங்கியது; எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்த இடம்.

விடுமுறைக்கு வந்திருந்த நேரம், 1969 மே 12 ஆம் திகதி விடியுமுன் பொலிஸ் வந்து, பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்கத் தாயைக் கொண்டு போனது. 491 நாள் மறியல்.

1977 இல் வின்னியைப் பிரான்ட்போர்ட் என்ற சிறிய ஊருக்கு நாடு கடத்தியதுபோல் அனுப்பினார்கள். தண்ணீரும் மின்சாரமும் இல்லாத வீடு. பதினாறு வயதுச் சின்ட்சியும் கூடப் போனார். அவரைப் பார்க்க வந்த கூட்டாளிமாரைப் பொலிஸ் வெருட்டியது. பதினாறு வயதில் அதைவிடப் பெரிய தண்டனை என்ன? மண்டேலா சிறைக்குள் இருந்து, வழக்குப் போடச் சொன்னார். அவர் சட்டத்தரணி அல்லவா. தாய்க்குள்ள தடை மகளுக்கில்லை, மகளின் கூட்டாளிமார் வந்துபோகலாம் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். நாட்டையே சிறையாக்கிய அரசோடு அந்தக் குடும்பம் கோட்டுக்குப் போனது, ஒரு பிள்ளையின் சிநேகிதத்துக்காக!

அந்தப் பிள்ளைக்கு என் பதில் இதுதான். தாய் தகப்பன்மாருக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறைக்கு முதல், மகளின் வகுப்புப் பிள்ளை ஒன்றையாவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கோ. உறைப்பைக் குறைத்துப் போடுங்கோ.