ஆவாரம்பூக் குடிநீர்



பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் குண்டடத்தை நெருங்குவோர், வேலியோரங்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் பொன்னிறப் பூக்களோடு நிற்கும் ஒரு புதரைக் காணாதிருத்தல் இயலாது. மழை குறைந்த எங்கள் மண்ணில் எவரும் நீரூற்றாமலே தழைக்கும் ஆவாரையே அது. பொங்கலை ஒட்டிக் கொங்கு நாட்டு இல்லங்களில் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டுவது இப்பூவைத்தான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் ஆவிரை என்னும் பெயரால் இதுவும் இடம்பெற்றுள்ளது.

மேலைநாட்டார் சீமைச்சாமந்திப் பூவை வெந்நீரில் இட்டு, உறங்கப் போகுமுன் அருந்துவர். அதன் மணம் பற்றிக் கிரேக்கர் அதற்கு ‘நிலத்து ஆப்பிள்’ எனப் பொருள்படும் பெயரிட்டனர். மணமுள்ள எண்ணெய் ஆவியோடு அகன்றுவிடாதிருக்கவே அப்பாத்திரத்தை மூடி வைக்கின்றனர். அவர்க்குச் சீமைச்சாமந்தி எவ்வாறோ, அவ்வாறே நமக்கு ஆவாரை.

இதன் குடிநீரைச் செய்வது எளிது. பூக்களைத் தூசு போக அலசி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சிறு பிடி பூவை இரண்டு குவளை நீரில் இட்டு, ஒரு குவளையாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டினால் குடிநீர் ஆயத்தமாகிவிடும். உடற்சூடு, நாவறட்சி, நீர்க்கடுப்பு ஆகியவற்றிற்கு நம் முன்னோர் இதனை வழங்கினர். பனியன் தொழிலகங்களில் இரவு முறை வேலை செய்வோர் தேநீரை மேன்மேலும் பருகி, விடிந்தபின் உறக்கம் வராமல் வருந்துகின்றனர். தேயிலையில் உள்ள கஃபீன் ஆவாரையில் இல்லை; ஆதலின் பின்னிரவுக் குவளைக்கு இது ஏற்றது.

செடியை அறிந்து பறித்தல் வேண்டும். லின்னேயசு 1753-ஆம் ஆண்டில் இதற்கு இட்ட சிறப்புப் பெயருக்குக் ‘காதுடையது’ என்பது பொருள். இலைக்காம்பின் அடியில் காது மடல் போன்ற சிற்றிலைகள் இருப்பதே காரணம். அவற்றைப் பார்த்துப் பறித்தால் தவறு நேராது. வண்டிப் புகை படியும் சாலையோரத்திலும், பூச்சிமருந்து தெளிக்கும் வயலின் வரப்பிலும் பறித்தல் ஆகாது.

இனி, நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்பது பழமொழி. இதனை நம்பி, நீரிழிவுக்கு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவோரும், இன்சுலின் ஊசியைக் கைவிடுவோரும் உளர். இது பெருந்தீங்கு. சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் உண்டு என்பது மெய். ஆனால் அது கொன்றை, நாவல், மருது முதலிய பிறவும் சேர்ந்த கூட்டு மருந்து. கற்ற மருத்துவர் அளவறிந்து தருவது. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளில் ஆவாரம்பூச் சாற்றை நீரிழிவுற்ற எலிகளுக்குக் கொடுத்து, சர்க்கரை குறைவதைக் கண்டனர். எலிக்கு ஆனது மனிதர்க்கும் அப்படியே ஆகும் என்று அதனால் முடிவு கட்டுதல் கூடாது.

டொராண்டோ நகரில் 1922-ஆம் ஆண்டு சனவரியில்தான் இன்சுலின் முதன்முதலில் ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன், உடலில் இன்சுலின் சுரவாத குழந்தைகளைக் காக்க உலகில் எங்கும் வழியில்லை. ஆவாரை பூத்துக் குலுங்கிய நம் நாட்டிலும் வழியில்லை. பழமொழி பூவின் பெருமையைச் சொல்வது. உயிருக்குப் பிணை நிற்பதன்று.

மாத்திரை உண்போர் இக்குடிநீரையும் நாள்தோறும் பருக விரும்பினால், தம் மருத்துவரிடம் சொல்லிவிட்டே பருகுக. இரண்டும் சேர்ந்து சர்க்கரையை மிகவும் தாழ்த்தினால் வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டாகலாம். கருப்பட்டி கலந்தால் குற்றமில்லை என்று எண்ணுவோர்க்கும் ஒரு சொல்: கருப்பட்டியும் சர்க்கரையே.

வேலியோரத்து ஆவாரையை வீணே வெட்டாதீர்கள். அதன் பூவைப் பருகுங்கள். மருத்துவர் சொல்லையும் தட்டாதீர்கள்.